மர்ம நாவல்கள், தொலைக்காட்சி மர்மத் தொடர்கள்: இவற்றில் உங்கள் மனத்தில் தங்கியவை எவை? ஏன்?

நாவல்கள்தாம் என்பது என் விடை. ஒரே ஒரு தொடருக்கு மட்டும் விலக்கு அளிப்பேன். அதைப் பிறகு சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிப் பத்திரம் எழுதும் தொழில் செய்கிறவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் ரசனையில் பாதி அந்த மேசையிலிருந்து வந்தது.

எங்கள் காவிரிப் படுகை தட்டையான பூமி. மலையில்லை, அடர்ந்த காடில்லை. வரப்பில் நிற்பவருக்கு நாலு ஊர் தள்ளியிருக்கும் கோபுரம் தெரியும். இங்கே மர்மம் என்று ஒன்று இருந்தால் அது பங்காளிகளின் பாகப்பிரிவினையிலும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழுதிவைத்த உயிலிலும், நிலத்துக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் நடுவே வாய்ப்பேச்சாகவே நின்றுபோன ஒப்பந்தத்திலும்தான் இருக்கும். துப்பறியும் கதைகளால் பெயர்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார், தேவன், பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகிய மூவரும் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்; முதல் இருவரைப் படிக்கும்போது மட்டும் எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் சூழ்ச்சிக்காரர் ஊரில் செல்வாக்குள்ள ஒரு வக்கீல். அவரை எதிர்கொள்பவர் திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளர். இந்தக் கதையைத்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் ‘திகம்பர சாமியார்’ என்ற படமாக எடுத்தது. பிற்காலத்தில் வில்லனாகவே அறியப்பட்ட எம். என். நம்பியார் அதில் நாயகனாகப் பல வேடங்களில் தோன்றினார். நாவலின் நடை இன்றைய வாசகரின் பொறுமையை நன்றாகவே சோதிக்கும். உபதேசம் வரும் பக்கங்களை நானும் தாண்டித்தான் படித்தேன். ஆனாலும் சட்டம் தெரிந்தவனே சட்டத்தை வளைக்கத் துணிந்தால் சாமானியன் எங்கே போவான் என்ற அச்சம் அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. எந்தப் பேய்க்கதையும் எனக்குத் தராத நடுக்கத்தை அது தந்தது, ஏனென்றால் அப்படிப்பட்டவர்களின் கையெழுத்தைப் பத்திரங்களில் பார்த்துப் பழகியவன் நான்.

தேவன் 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். அவருடைய துப்பறியும் சாம்புவைத் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி நடித்துக் காட்டினார். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துப் பார்த்தோம். ஆனால் புத்தகத்தில் உள்ள நகைச்சுவை வேறு தரம். சாம்புவுக்கு ஒன்றுமே தெரியாது என்பது வாசகருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அவருடைய உளறலில் மேதைமையைக் காண்கிறார். இரண்டுக்கும் நடுவில் கதைசொல்லி முகத்தைக் கொஞ்சமும் இளக்காமல், ஏதோ அரசாங்க அறிக்கை எழுதுகிறவரைப் போல எழுதிக்கொண்டே போகிறார். காமிரா சாம்புவின் முகத்தைக் காட்டிவிடும்; கதைசொல்லியின் அந்தக் கமுக்கத்தை அதனால் காட்ட முடியாது.

தேவனின் நாவல்களில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’. ஒரு கொலை வழக்கின் விசாரணைதான் கதை. சாட்சிக் கூண்டில் ஒருவர் சொன்னது பின்னால் இன்னொருவர் சொல்வதோடு உரசும்போது, முன்பக்கங்களுக்குத் திரும்பி அவர் என்ன சொன்னார் என்று சரிபார்க்கும் இன்பம் இருக்கிறதே, மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எனக்கு அது பழகிய சுகம். இப்போதெல்லாம் ஓடிடி தளங்களில் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாமே என்பார்கள். ஓட்டலாம், யார் ஓட்டுகிறார்கள்?

சின்னத்திரைத் தொடர்கள் என்னை இழப்பது பெரும்பாலும் உயில் காட்சியில்தான். பெரியவர் இறந்ததும் யாரோ பீரோவைத் திறந்து உயிலை எடுத்துத் தீயில் போடுவார், பின்னணி இசை அலறும், சொத்து கைமாறிவிட்டதாகக் குடும்பமே அழும். உயில் செல்லுபடியாக அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதியவரின் கையொப்பமும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பதே 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. பதிவு செய்திருந்தாலோ நகல் அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். எழுதியவரே, அல்லது அவர் முன்னிலையில் அவர் சொல்லி இன்னொருவர், ரத்து செய்யும் எண்ணத்தோடு எரித்தால்தான் அது ரத்து. மருமகன் நள்ளிரவில் கொளுத்தினால் சாம்பல்தான் மிச்சம். அந்த இரண்டு சாட்சிகள் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களை யார் முதலில் போய்ப் பார்த்தார் என்று கேட்டிருந்தால் அங்கேயே ஒரு நல்ல மர்மக்கதை தொடங்கியிருக்கும். கேட்பதில்லை.

இனி அந்த விலக்கு. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவலை அடிப்படையாகக் கொண்டு, நாகாவின் இயக்கத்தில் ‘மர்மதேசம்’ வரிசையில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த ‘விடாது கருப்பு’. தவறு செய்கிறவர்களைக் காவல் தெய்வமே தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. அது தெய்வமா, மனிதக் கையா என்பதே கேள்வி. எல்லையில் அய்யனாரும் மண் குதிரைகளும் நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கற்பனை என்று ஒதுக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. தொடர் முடிந்த இரவில் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடியவர்களில் பெரியவர்களும் இருந்தார்கள். ஆனால் என்னைப் பிடித்தது அந்தப் பயம் அல்ல. வாரத்துக்கு ஒரு பகுதிதான் வந்ததால், அடுத்த பகுதி வரும்வரை டீக்கடையில் நடந்த விசாரணை. கருப்பேதான் என்று ஒரு கட்சி, இது யாரோ ஆள் செய்யும் வேலை என்று பள்ளிக்கூட வாத்தியார் தலைமையில் இன்னொரு கட்சி. போன வாரம் யார் எந்தப் பக்கமாகப் போனார், குதிரைச் சத்தம் எப்போது கேட்டது என்று ஆளுக்கொரு சாட்சியம். நம்பிக்கைக்கும் உளவியலுக்கும் இடம் வைத்து, இரண்டு கட்சிக்காரர்களையும் கடைசிவரை உட்கார வைத்தது அந்தத் தொடரின் திறமை. பார்த்ததை நாங்கள் முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டே இருந்தோம், நாவலைப் புரட்டுவதுபோல.

2022-இல் வந்த ‘சுழல்’ இணையத்தொடரையும் நல்ல ஆக்கம் என்றே சொல்வேன். மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு புலன்விசாரணையையும் சேர்த்தே நகர்த்தியது வெறும் அலங்காரமாக எனக்குத் தெரியவில்லை. குறை அதன் கதையில் இல்லை, மொத்தப் பகுதிகளையும் ஒரே நாளில் கொட்டியதில் இருக்கிறது. சந்தேகப்படுவதற்கு அவகாசமே இல்லை. ஒருவர்மேல் ஐயம் எழுவதற்குள் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. என் மகள் ஒரே இரவில் பார்த்து முடித்துவிட்டு, நான் இரண்டாம் பகுதியில் இருக்கும்போதே குற்றவாளி யாரென்று காப்பி கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். மீதியை அவள்மேல் இருந்த கோபத்தோடுதான் பார்த்தேன்.