நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலே என்ன நடக்கிறது? மீகடத்திகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: டிசிக்கு (மீகடத்தல் தொடங்கும் நிலைமாற்ற வெப்பநிலைக்கு) மேலே குப்ரேட் (செம்பு ஆக்சைடு மீகடத்தி) வெறும் உலோகம்தானே? அங்கே காந்த அளவீடு எதற்கு?

வெறும் உலோகம் அல்ல. குப்ரேட்டின் தாய்ச் சேர்மம் ஒரு எதிர்ஃபெரோகாந்த மின்காப்பி: அண்டை அணுக்களின் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் சிறு காந்தங்கள்) எதிரெதிராக ஒழுங்கில் நிற்கும். லாந்தனம் காப்பர் ஆக்சைடில் அந்த ஒழுங்கு சுமார் 325 கெல்வின் வரை நிற்கும். அண்டைச் செம்பு ஸ்பின்களைப் பிணைக்கும் ஆற்றலோ 1500 கெல்வினை ஒட்டியது. துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்) சில சதவீதம் சேர்ந்ததும் ஒழுங்கு குலைகிறது, ஆனால் அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க முயல்வது ஓய்வதில்லை. இது ஸ்பின் ஏற்ற இறக்கம். டிசியை நெருங்கும்போது மீகடத்தலைத் தரும் எலக்ட்ரான் இணைகளான கூப்பர் ஜோடிகள் கணநேரம் தோன்றி மறைந்து கொஞ்சம் டயாகாந்தம் (வெளிப்புலத்தை எதிர்க்கும் காந்தத்தன்மை) தருகின்றன. இது ஜோடி ஏற்ற இறக்கம். இரண்டும் வேறு வேறு. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஈயத்திலும் இண்டியத்திலும் இந்த ஜோடி ஏற்ற இறக்கம் ஏன் தெரிவதில்லை?

தெரியும், மிகச் சிறியதாக. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஸ்குவிட் (மிக நுண்ணிய காந்தமானி) வைத்து அளந்துவிட்டார்கள். ஈயத்தின் ஒத்திசைவு நீளம் (ஏறக்குறைய ஒரு ஜோடியின் அளவு) 80 நானோமீட்டர் அளவு. ஒய்பிசிஓ என்ற யிட்ரியம் குப்ரேட்டில் அது செம்பு-ஆக்சிஜன் தளத்துக்குள் 1.5 நானோமீட்டர், தளங்களுக்குக் குறுக்கே 0.3கூடத் தேறாது. அத்தனை சிறிய கன அளவில் ஜோடிகளும் சிலவே இருக்கும். வெப்பநிலையும் பத்து மடங்கு அதிகம் என்பதால், வெப்பக் குலுக்கல் அவற்றை எளிதில் அசைத்துவிடும்.

கேள்வி: என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீட்டில், அணுக்கரு ஸ்பின்கள் சமநிலைக்குத் திரும்பும் தளர்வு வீதத்தை வெப்பநிலையால் வகுத்தால் செம்புக்கு அது குளிரக் குளிர ஏறுகிறது. அதே தளத்திலுள்ள ஆக்சிஜனுக்கு ஏறவில்லை. எந்த அளவீடு தவறு?

இரண்டும் சரி. நல்ல கேள்வியும்கூட. செம்பு அணுக்கரு தன் அணுவின் எலக்ட்ரான் ஸ்பினை நேரடியாக உணர்கிறது. ஆக்சிஜன் இரண்டு செம்புகளுக்குச் சரி நடுவில் இருக்கிறது. இரண்டு பக்க ஸ்பின்களும் எதிரெதிராக ஆடும்போது அங்கே வந்துசேரும் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஆடுவது எதிர்ஃபெரோ வகை என்பதற்கு இந்த வேறுபாடே வலுவான சான்று. ஆக்சிஜன் குறைந்த, டிசி 60 கெல்வின் உள்ள ஒய்பிசிஓவில் செம்பின் இந்த அளவு 150 கெல்வினை ஒட்டி உச்சம் தொட்டு இறங்கும். நைட் ஷிஃப்ட் (எலக்ட்ரான் ஸ்பின்களால் வரும் என்எம்ஆர் அதிர்வெண் நகர்வு) அதற்கும் வெகு மேலேயே, அறை வெப்பநிலையிலிருந்தே குறைந்துகொண்டு வரும். 1989இல் பிரான்சில் அல்லூலும் குழுவினரும் காட்டியது அதைத்தான். போலி இடைவெளி (டிசிக்கு மேலேயே எலக்ட்ரான் நிலைகள் குறைவது) என்று இன்று நாம் பேசுவதன் முதல் தடயங்களில் அது ஒன்று.

கேள்வி: என் பிஸ்மத் 2212 (ஒரு பிஸ்மத் குப்ரேட்) மாதிரியின் டிசி 85 கெல்வின். காந்த ஏற்புத்திறன் (புலத்துக்கு மாதிரி காட்டும் காந்த எதிர்வினை) 108 கெல்வினிலேயே இறங்கத் தொடங்குகிறது. 20 கெல்வினுக்கு மேல் நீளும் ஜோடி ஏற்ற இறக்கம் என்று கட்டுரை எழுதலாமா?

எழுதாதீர்கள். புலம் எவ்வளவு, எந்தத் திசையில், மாதிரி பொடியா படிகமா என எதையும் நீங்கள் சொல்லவில்லை. இவை இல்லாத வரைபடத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மாதிரியை முதலில் பாருங்கள் என்று நானும் திரும்பத் திரும்ப எழுதிவருகிறேன்.

2212இன் உறவுச் சேர்மமான பிஸ்மத் 2223இன் டிசி சுமார் 110 கெல்வின். 2212க்குள் அது அடுக்கடுக்காக ஊடுருவி வளர்வது சாதாரணம். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் ஒரு சதவீதத்துக்குக் கீழே எதுவும் கண்ணில் படாது. ஸ்குவிட்டுக்கோ லட்சத்தில் ஒரு பங்கே போதும். அதனால் 108 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 10 ஓர்ஸ்டெட் புலத்திலும் 1000 ஓர்ஸ்டெட் புலத்திலும் அளந்து ஒப்பிடுங்கள். மீகடத்தும் தீவுகள் என்றால் பெரிய புலத்தில் ஏற்புத்திறனின் இறக்கம் சுருங்கிவிடும். புலமின்றிக் குளிர்வித்த வளைவும் புலத்தோடு குளிர்வித்த வளைவும் பெரும்பாலும் பிரிந்து நிற்கும். உண்மையான ஏற்ற இறக்கத்தில் அந்தப் பிரிவு இருக்காது.

இன்னொரு பொறியும் உண்டு. துளை குறைந்த மாதிரிகளில் ஸ்பின் ஏற்புத்திறன் தானாகவே குளிரக் குளிரக் குறையும். ஜோடி எதுவும் இல்லாமலே வளைவு கீழே வரும். அதை டயாகாந்தம் என்று எழுதிய கையெழுத்துப் பிரதிகள் என் மேசைக்கு வந்தபடியே இருக்கின்றன. நல்ல அளவீடுகள் இப்படி வீணாவது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டையும் பிரிக்க வழி எளிது. ஒரு ஒற்றைப் படிகத்தை எடுத்து, புலத்தைத் தளத்துக்குச் செங்குத்தாக ஒருமுறையும் தளத்தோடு ஒருமுறையும் வைத்து அளந்தால் போதும். ஸ்பின் இறக்கம் இரு திசையிலும் தெரியும். ஜோடிகளின் டயாகாந்தம் பெரும்பாலும் செங்குத்துத் திசையில் மட்டும் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

கேள்வி: டிசிக்கு மேலே ஜோடிகள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்ற விஷயத்தை நெர்ன்ஸ்ட் விளைவு (வெப்பச் சரிவும் காந்தப் புலமும் சேர்ந்து குறுக்கே மின்னழுத்தம் தருவது) தீர்த்துவிட்டதா?

இல்லை. 2000இல் பிரின்ஸ்டனில் ஓங் குழுவினர் லாந்தனம் குப்ரேட்டில் டிசிக்கு மிக மேலேயும் சமிக்ஞை கண்டு, மீகடத்தும் மின்னோட்டச் சுழல்களின் அடையாளம் என்றார்கள். 2009இல் டையஃபேர் குழு, கோட்டு ஒழுங்கு (ஸ்பினும் மின்னூட்டமும் கோடுகோடாக அமைவது) உள்ள மாதிரிகளில் அதில் ஒரு பகுதி அந்த ஒழுங்கிலிருந்தே வருவதாகக் காட்டியது. டிசிக்கு மேலே முதல் 10, 20 கெல்வினில் ஜோடிகளை நம்பலாம். அதைத் தாண்டினால் வேறு காரணத்தை முதலில் தேடுவேன்.

கேள்வி: நியூட்ரான் சிதறலில் வரும் 41 மில்லி எலக்ட்ரான்வோல்ட் உச்சம் (ஸ்பின் ஏற்ற இறக்கத்தின் அடையாளம்) டிசிக்கு மேலேயும் உண்டா?

துளை அளவு உகந்த ஒய்பிசிஓவில் கிட்டத்தட்ட இல்லை. துளை குறைந்ததில் உச்சம் குறைந்த ஆற்றலுக்கு நகரும், அகன்று மங்கிய வடிவில் டிசிக்கு மேலேயும் நீடிக்கும்.

கேள்வி: டிசி 30 கெல்வின் உள்ள மாதிரியில் 50 கெல்வின் அருகே காந்த மேடு ஒன்று வருகிறது. புதிய நிலையா?

ஸ்குவிட் அறைக்குள் காற்று கசிந்திருக்கும். உறைந்த ஆக்சிஜன் அந்த வெப்பநிலையில் அப்படித்தான் காட்டும். ஹீலியத்தால் நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இங்கேயும் அதே பேச்சுத்தான்: முதலில் மாதிரி, அப்புறம் கொள்கை.

கேள்வி: திரவ நைட்ரஜனும் காந்தமும் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை வகுப்பில் காட்ட முடியுமா?

முடியாது. காந்தம் மிதப்பது டிசிக்குக் கீழே நடப்பது. சில கெல்வின் மேலே போனாலே, மிஞ்சும் டயாகாந்தம் அதில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான்.