காட்டுக்குள் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் பெரம்பூரில் வசிக்கிறோம். சொந்த வண்டி கிடையாது. ரயிலிலும் பேருந்திலும் போய், ஒரு பகல் காட்டில் நடந்து, இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் திரும்ப ஆசை. ‘வனத்துறை அனுமதியுடன் காட்டுக்குள் கூடாரம், கேம்ப் ஃபயர், தலைக்கு 2,800 ரூபாய்’ என்று ஒருவர் அழைக்கிறார். பிப்ரவரி கடைசி வாரம் புறப்பாடு. ஆளுக்கு 1,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். அவரை நம்பலாமா? நாங்களாகவே போக வழி உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற வனச்சரக அலுவலர்):

நம்ப வேண்டாம். நீங்கள் மூவரும் உங்கள் பயணத்தை நீங்களாகவே அமைத்துக்கொள்ளலாம். பகலில் அனுமதி பெற்ற பாதையில் நடந்துவிட்டு இரவில் ஊருக்குள் தூங்குவது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

காப்புக்காடு என்று அரசு அறிவித்த நிலத்தில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். அது சரணாலயமாகவும் இருந்துவிட்டால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பிரிவு எண்கள் உங்களுக்கு வேண்டியதில்லை. கூடாரம் போடப்போகும் நிலம் பட்டாவா, காப்புக்காடா என்ற ஒரே கேள்வியை அவரிடம் கேளுங்கள். பட்டா என்றால் காட்டோரத்து மாந்தோப்பு ஒன்றைக் காடு என்று சொல்லி விற்கிறார், உங்கள் பணம்தான் போகும். காப்புக்காடு என்றால் உங்கள் மீது வழக்கு வரும். வழக்குப் பதிவாகும்போது காட்டுக்குள் நிற்பவர்கள்தான் குற்றவாளிகள். உங்களை அனுப்பிவைத்தவர் அந்நேரம் சென்னையில் இருப்பார்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சோதனைச்சாவடியில் பதினான்கு இளைஞர்கள் என்னிடம் நீட்டிய அனுமதிக் கடிதம், வேறொரு குழுவுக்கு வேறொரு மாதத்தில் கொடுக்கப்பட்டது. தேதியின் மேல் தாள் ஒட்டி நகலெடுத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஏற்பாட்டாளரின் கைபேசி அணைந்து கிடந்தது. அருவிக்குப் போகும் நுழைவுச்சீட்டையே மலையேற்ற அனுமதி என்று காட்டுவது, ஒரு பாதைக்கு அனுமதி வாங்கி வேறு பாதையில் கூட்டிச்செல்வது, ‘ரேஞ்சர் நமக்கு வேண்டியவர்’ என்று சொல்லி வாயை அடைப்பது என்று இவர்கள் கைவசம் நிறைய உண்டு. உங்கள் மூவரின் பெயரும், தேதியும், பாதையின் பெயரும் இல்லாத எந்தத் தாளும் உங்களுக்கான அனுமதி ஆகாது.

பிப்ரவரி கடைசியில் கேம்ப் ஃபயர் என்று அவர் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. மழை ஓய்ந்து மாதங்களாகி, போதைப்புல் என்னும் மலைப்புல்லும் சருகும் காய்ந்து நிற்கும் காலம் அது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 உயிர்கள் போயின. அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதக் கால் எட்டாது. இந்தக் காரணத்துக்காகவே அரசின் மலையேற்றப் பாதைகள் 2025இல் பிப்ரவரி நடுவில் மூடப்பட்டு ஏப்ரல் நடுவில்தான் திறக்கப்பட்டன. அந்த மாதங்களில் ஒருவர் அனுமதி இருக்கிறது என்று சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்படிப்பட்டவர்கள் பெருகியதற்கு எங்கள் துறையும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முறையாக எழுதிக் கேட்ட மாணவர்களின் மனு ஒன்று, நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மேசை மேசையாக நகர்ந்து, அவர்கள் கேட்ட தேதி கடந்த பிறகே எனக்கு வந்து சேர்ந்தது. நேர்வழியில் கேட்டவனுக்குப் பதிலே வராத இடத்தில் குறுக்குவழிக்காரன் கடை போடத்தான் செய்வான். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை இணையத்திலேயே பதிவு செய்யும்படி திறந்துவிட்டது, பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய காரியம். உள்ளூர்ப் பழங்குடியினரும் காட்டோர ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். ஆனாலும் பாதையைத் திறந்தவர்கள் பேருந்தை மறந்துவிட்டார்கள். காலையில் தொடங்கும் நடைக்கு வண்டியில்லாதவன் எப்படி வந்துசேர்வான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஏலகிரி. ஏப்ரல் நடுவுக்குப் பிறகோ, இன்னும் நல்லதாக மழைக்காலம் முடிந்த ஜனவரியிலோ, ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் அங்குள்ள சுவாமிமலைப் பாதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை காலை சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில். அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போகும் பேருந்தில் அத்தனாவூர். இரவு அங்கே விடுதியில் தங்குங்கள். கூடாரம்தான் வேண்டுமென்றால், பட்டா நிலத்தில் முறையாக நடத்தும் முகாம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். ஞாயிறு வெயில் ஏறுமுன் மலையேறி இறங்கிவிட்டால், மாலை ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து மாலை ஏலகிரி விரைவு வண்டியில் போகலாம் என்று தோன்றும். அது ஜோலார்பேட்டை சேரும்போது இரவாகிவிடும். மலைக்குப் போகும் பேருந்துக்காக அந்நேரத்தில் காத்திருக்காமல் கீழேயே தங்கிவிடுங்கள்.

மலைப் பேருந்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பல மலைக் கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்து திரும்பாது. ஊரிலேயே இரவு நின்றுவிட்டு விடியலில் முதல் பேருந்தாகக் கீழே இறங்கும். இதை நைட் ஹால்ட் பஸ் என்பார்கள். கைபேசி வரைபடம் இதைச் சொல்லாது. கீழே பேருந்து நிலையத்தில் டைம் கீப்பரிடம், மேலிருந்து கீழே வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நடையை முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

கோவையை அடுத்த வெள்ளியங்கிரியில் மட்டும் இரவிரவாக ஏறுகிறார்களே, அதுவும் தீக்காலத்தில், என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். பிப்ரவரி முதல் மே வரை பூண்டி அடிவாரத்திலிருந்து பக்தர்கள் ஏழு மலை ஏறிப் போய் வருகிறார்கள். அது தலைமுறை தலைமுறையாக வந்த வழிபாட்டு வழக்கம் என்பதால், அந்த ஒரே பாதைக்கு, அந்த மாதங்களுக்கு மட்டும் விடப்படுகிறது. அடிவாரத்திலேயே பைகளைச் சோதிப்பார்கள். வழி நெடுக ஆட்கள் இருப்பார்கள். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஆண்டி சுனை என்று நீரும் உண்டு. அங்கே நீங்கள் போவதானால் பக்தராகப் போங்கள், மூங்கில் தடி ஊன்றி, பாதையை விட்டு ஓரடி விலகாமல். அடுப்பும் கூடாரமும் கொண்டுபோகாதீர்கள். ஏழாம் மலையின் காற்று, வியர்த்து ஏறியவனை நடுங்க வைத்துவிடும், கம்பளி கட்டாயம். இதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் ஏறவே கூடாது, அங்கே ஏற்றத்திலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. அந்த மலையில் விடுகிறார்கள் என்பது வேறெந்த மலைக்கும் அனுமதி ஆகாது. ‘வெள்ளியங்கிரி மாதிரிதான்’ என்று உங்கள் ஏற்பாட்டாளர் சொல்வார். இதே வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

நடந்து பழக்கமில்லை என்றால், முதலில் திருவள்ளூர் மாவட்டம் குடியம் குகைப் பாதையை ஒரு பகலில் நடந்து பாருங்கள். புறநகர் ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து அந்த மாவட்டத்துப் பூண்டி வழியாகப் பேருந்து. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கால மனிதனின் கருவிகளைக் கண்ட அத்திரம்பாக்கம் அந்தப் பக்கம்தான்.

முன்பணத்துக்கு வருகிறேன். உங்கள் மூவரின் பெயரில் உள்ள அனுமதிச் சீட்டை அனுப்பும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். இரண்டு நாளில் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், பணம் அனுப்பிய ரசீதையும் அவருடைய விளம்பரத்தையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரியவந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930க்கு, தாமதிக்காமல்.