மத்தாப்பும் லேத் பட்டறையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எரியும் கம்பி மத்தாப்பின் உள்ளே நடப்பதை எக்ஸ்ரேயால் முப்பரிமாணத்தில் எடுத்த வீடியோ ஒன்று பார்த்தேன். செக்கனுக்கு 1000 படம்வரை எடுக்கலாமாம். இது ஒரு வேகமான கமரா, அவ்வளவுதானே? கதிர்வீச்சு ஆபத்து இல்லையா? இலங்கையில் சிங்க்ரோட்ரோனே (இலத்திரன்களைப் பெரிய வளையத்தில் சுற்றவிட்டு வலிய எக்ஸ்ரே தரும் இயந்திரம்) இல்லாதபோது இதைப் படித்து என்ன பயன்? நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். அப்பாவுக்கு ஆமர் வீதியில் லேத் பட்டறை. அந்தக் கிறீஸிலிருந்து தப்பி விஞ்ஞானத்துக்குப் போக வேண்டும்.

– ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். படம் எடுக்கப்படும் பொருள், அதாவது மாதிரிதான், ஈயத் தடுப்புள்ள அறைக்குள் இருக்கும். ஆட்கள் கதவைப் பூட்டிவிட்டு வெளியே இருப்பார்கள். உமது கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடக் கைவேலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று ஏன் நினைக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

‘வேகமான கமரா, அவ்வளவுதானே’ என்று எழுத எப்படி மனம் வந்தது? கமராவும் லேசான சாமான் இல்லை. சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் ஆய்வு நிறுவனத்தில் உள்ள ‘கிகாஃப்ரோஸ்ட்’ செக்கனுக்கு 7.7 கிகாபைட் தரவை விடாமல் அனுப்பும். ஆனால் நீர் பார்க்கத் தவறியது சுற்றுகிற மேசையை. ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கானில் நோயாளி படுத்திருக்க, எக்ஸ்ரே குழாய் அவரைச் சுற்றி வரும். சிங்க்ரோட்ரோன் கதிர் பென்னாம்பெரிய வளையத்திலிருந்து வருவது. அதைச் சுற்ற முடியாது. ஆகவே மாதிரிதான் சுற்ற வேண்டும். கதிர் ஏறக்குறையச் சமாந்தரமாக வருவதால் அரைச் சுற்றிலேயே ஒரு முழு முப்பரிமாணப் படத்துக்கான எக்ஸ்ரே நிழல்கள் கிடைத்துவிடும். 2021இல் பேர்லின் ஆய்வாளர் பிரான்சிஸ்கோ கார்சியா-மொரேனோவின் குழு அதே சுவிஸ் நிறுவனத்தில் செக்கனுக்கு 1000 படங்களை எட்டியபோது, மேசை செக்கனுக்கு 500 தரம் சுற்றியது.

கணக்குப் போட்டுப் பாரும், வட்ட இயக்கம் படித்திருப்பீர். அச்சிலிருந்து ஒரேயொரு மில்லிமீற்றர் தள்ளி இருக்கும் மாதிரியின் துளிக்கு, புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1000 மடங்கு முடுக்கம். இந்த முறையில் மத்தாப்பு மட்டுமல்ல, உருகிய உலோகத்தில் குமிழ் எழும் உலோக நுரையையும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் அந்த நுரையைக் குளிரவிட்டு, அறுத்துத்தான் குமிழைப் பார்க்கலாம். அது வெடித்த கணம் எப்போதோ போயிருக்கும். இப்போது வெடிக்கும்போதே பார்க்கலாம். ஆனால் வெடித்தது தன் இயல்பாலா, இந்தச் சுற்றாலா என்று பிரித்தறிய வேண்டும். அதோடு அச்சு ஆடவே கூடாது. மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் விவரம் பார்க்கும்போது, மேசை சில மைக்ரோன் ஆடினாலே படம் குழம்பிவிடும்.

என் தாய்மாமனும் லேத் வேலைக்காரர்தான். பஞ்சிகாவத்தையில் பட்டறை. பள்ளி விட்டால் நான் அங்கேதான் நிற்பேன். தண்டை லேத்தின் சக்கில் (பிடித்துச் சுற்றும் பிடியில்) பூட்டி மெல்லச் சுற்றவிட்டு, சோக்கட்டியைக் கிட்டப் பிடிப்பார். மையம் தள்ளியிருந்தால் துருத்துகிற பக்கத்தில் மட்டும் கோடு விழும். கட்டையால் ஒரு தட்டு, திரும்பவும் சுற்று. சோக் போதாது என்றால் டயல் கேஜ். அது மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். முள் அடங்கும்வரை வெட்ட மாட்டார், வாடிக்கைக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் சரி. அந்தக் கையைக் ‘கிறீஸ் கை’ என்று எங்கள் சொந்தக்காரர்களே இளக்காரமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே சொல்லை ஒரு மகன் எழுதியதும் எனக்குச் சுட்டது, தம்பி. நிழல்களைக் கணினியில் முப்பரிமாணமாக்கும்போது முக்கியமான வேலை ஒன்று என்ன தெரியுமா? சுழல் அச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. உமது அப்பா தினமும் காலையில் அதைத்தான் செய்கிறார்.

சிங்க்ரோட்ரோன் இல்லைதான். நமக்குக் கிட்ட இருப்பது இந்தியாவில், இந்தோரில் உள்ள இந்தஸ்-2. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? ‘டோமோபாங்க்’ என்ற களஞ்சியத்தில் உண்மையான அளவீட்டுத் தரவுகள் இலவசமாகக் கிடக்கின்றன. அந்த நிழல்களை முப்பரிமாணமாக்கும் ‘டோமோபை’ மென்பொருளும் இலவசம். சின்னத் தரவு ஒன்றுக்கு வீட்டு லப்டொப் போதும். சுழல் மையத்தை வேண்டுமென்றே சில பிக்சல் தள்ளிவைத்துக் கணக்கிடும். பளிச்சென்ற புள்ளிகள் எல்லாம் பிறையாக வளைந்து தெரியும். மையத்தைச் சரிக்கட்ட, பிறை திரும்பப் புள்ளியாகும். அதை அப்பாவுக்குக் காட்டும். அப்புறம் டயல் கேஜ் பிடிக்க அவரிடம் படியும். எந்த நாட்டுக்குப் போவது, எந்தக் கம்பஸ் என்பதையெல்லாம் அதன்பிறகு எழுதிக் கேளும், பதில் போடுகிறேன்.