பினாங்கில் வானம் தெளிவாக இருந்தும் விமானம் ரத்தாவது ஏன்?

ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்கு மாறி மாறிப் பறப்பதைச் சுழற்சி என்பார்கள். மதியம் கோலாலம்பூரில் இடி மின்னலால் பெட்டி ஏற்றுவது போன்ற தரைப்பணி நின்றுபோனால், அந்தத் தாமதம் இரவில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பெட்டியோடு காத்திருப்பவர் வரை வந்து சேர்கிறது. பினாங்கு பெர்ரியைப் போலத்தான் இதுவும்: எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி கிளம்பாவிட்டால், ஜார்ஜ்டவுன் துறையில் நிற்பவருக்கும் பெர்ரி இல்லை, அவ்வளவுதான். விமானிகளின் பணிநேரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு. அது தீர்ந்து, மாற்று ஆளும் கிடைக்காவிட்டால் சேவை ரத்தாகிறது. (இதைக் கவுன்டரில் யாரும் விளக்காததே பாதி எரிச்சலுக்குக் காரணம்.) மலேசிய விதிகளின்படி, 2024 செப்டம்பர் முதல், 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தைக் கேட்கலாம். நிறுவனம் பணத்துக்குப் பதிலாக நீட்டும் பற்றுச்சீட்டைத்தான் (வவுச்சர்) ஏற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், செலுத்திய வழியிலேயே 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும்.