உனக்கு கேக்குது, நீதான் கேக்க மாட்டேங்குற: இங்கிலீஷ் கேள்வி பதில்

கேள்வி: பையன் நாலாவது படிக்கிறான். ஹியர், லிஸன் ரெண்டுக்குமே "கேள்"னு எழுதிக் குடுத்தேன். சீ, லுக், வாட்ச் மூணுக்கும் "பார்". "எல்லாம் ஒண்ணுதானேம்மா, அப்புறம் எதுக்கு அஞ்சு வார்த்தை"ங்குறான். என்ன பதில் சொல்றது?
அஸ்தம்பட்டி வாசகி

பதில்: பையன் கேட்டது நல்ல கேள்விங்க. ஆனா வித்தியாசம் இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு, தமிழ்ல இல்லன்னு நினைக்காதீங்க, நம்மகிட்டயும் இருக்கு, வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு அவ்ளோதான்.

கொஞ்ச நாள் முன்னாடி ஏற்காடு பஸ்ல போயிட்டிருந்தேன். மேல போக மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு இல்லையா, பாதி தாண்டுறதுக்குள்ளயே ரெண்டு காதும் கும்முனு அடைச்சிக்குச்சு. முன் சீட்ல ஒரு அம்மா, ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாதடா நீட்டாதடான்னு சொல்லிட்டே வர்றாங்க, பையன் நீட்டிக்கிட்டே வர்றான். "சொல்றது கேக்குதா இல்லையா?"ன்னாங்க. "காது அடைச்சிருக்கும்மா, கேக்கல"ன்னான். "உனக்கு நல்லாத்தான் கேக்குது, நீதான் கேக்க மாட்டேங்குற"ன்னு மண்டையில ஒண்ணு வச்சாங்க.

மொத்த பாடமும் அந்த அம்மா சொன்ன ஒரு வரியில இருக்குங்க. "உனக்கு கேக்குது", இது ஹியர். சத்தம் தானா வந்து காதுல விழுது, நீங்க ஒண்ணும் செய்யல. "நீ கேக்க மாட்டேங்குற", இது லிஸன். மனசு வச்சு நீங்க செய்யற வேலை. எனக்கு, உனக்குன்னு ஆரம்பிச்சா ஹியர். நான், நீன்னு ஆரம்பிச்சா லிஸன், பின்னாடியே ஒரு "டு" வரும், லிஸன் டு மீ. (நான் ஒருத்தர்கிட்ட கேட்டேன்னா அது ஆஸ்க், அது வேற கணக்கு.) போன்ல சிக்னல் இல்லாதப்ப "ஐ ஆம் நாட் ஹியரிங்"னு கத்துறோமே, அது தப்பு. தானா நடக்கற விஷயத்துக்கு பொதுவா "இங்" போட மாட்டாங்க, "ஐ கான்ட் ஹியர் யூ"ன்னா போதும்.

"பார்"ங்கற வார்த்தைக்கும் இதே கணக்குதான். ஏற்காட்டுல லேடீஸ் சீட்ங்கற வியூ பாயிண்ட்ல ராத்திரி போய் நின்னா கீழ சேலம் மொத்தமும் லைட்டு லைட்டா தெரியும். "எனக்கு தெரியுது", ஐ கேன் சீ சேலம். கண்ணத் திறந்தா போதும். "அங்க பாருடா, அதான் நம்ம ஊரு"ன்னு கைய காட்டினா லுக். கண்ண அந்தப் பக்கம் திருப்பற வேலை. எதைன்னு சொல்லணும்னா "அட்" வேணும், லுக் அட் தட் லைட். அந்த லைட்டுகளுக்கு நடுவுல ஒரு ரயிலு ஊர்ந்து போகுது, அது மறையற வரைக்கும் பாத்துட்டே நிக்கிறீங்கன்னா அது வாட்ச். நகர்றது, மாறுறது, அடுத்து என்ன ஆகும்னு பாக்கறது எல்லாம் வாட்ச். டிவி, கிரிக்கெட் மேட்ச் ரெண்டும் அதனாலதான் வாட்ச். தியேட்டர் போய் பாக்கற படத்துக்கு மட்டும் சீ போட்டாலும் சரிதான்.

பாத்துக்கறதும் வாட்ச்தான், வாட்ச்மேன்ங்கற பேர்லயே இருக்கு பாருங்க. காலேஜ் படிக்கறப்ப பஸ் ஸ்டாண்டுல ஒரு வடநாட்டுக்காரர்கிட்ட "ப்ளீஸ் லுக் அட் மை பேக்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அவரு பைய ஒரு பார்வை பாத்தாரு, தலைய ஆட்டினாரு, அவரு பஸ் வந்ததும் ஏறிப் போயிட்டாரு. நான் சொன்னதத்தானே செஞ்சாரு, பாவம். நல்லவேளை பை அங்கயேதான் இருந்துச்சு, உள்ள இருந்தது தட்டுவடை பொட்டலம்தான்.

கேள்வி: "500 ரூவா பாரோ மீ"ன்னு கேக்கறான் என் நண்பன். சரியா?
செவ்வாய்பேட்டை வாசகர்

பதில்: தப்புங்க. கடன் குடுக்கறது லெண்ட், வாங்கறது பாரோ. "லெண்ட் மீ"ன்னு கேக்கச் சொல்லுங்க. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.

கேள்வி: சே, டெல் ரெண்டும் சொல்றதுதானே? இன்டர்வியூல "ஹி செட் மீ"ன்னு சொன்னேன், சிரிச்சுட்டாங்க.
அம்மாபேட்டை வாசகி

பதில்: சிரிச்சது அவங்க தப்பு, அத விடுங்க. யார்கிட்ட சொன்னாங்கன்னு ஆள உடனே சொல்லணும்னா டெல், ஹி டோல்ட் மீ. என்ன சொன்னாங்கங்கறது மட்டும் போதும்னா சே. சேக்கு ஆள் வேணும்னா நடுவுல "டு" போடணும், ஹி செட் டு மீ. பொய் சொல்றது, உண்மை சொல்றது, கதை சொல்றது இதுக்கெல்லாம் ஆள் இல்லாட்டியும் டெல்தான். ஏன்னு கேட்டா பழக்கம்தான், வேற காரணம் எனக்கு சொல்லத் தெரியல.

டெல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு, வித்தியாசம் கண்டுபிடிக்கறது. சீசன்ல மாம்பழக் கடை முன்னாடி நின்னு எது மல்கோவா எது குண்டுன்னு முழிக்கறோமே, அப்ப "ஐ கான்ட் டெல் தி டிஃபரன்ஸ்"னு சொல்லணும். அங்க "சே" போட்டா கடைக்காரருக்கும் புரியாது.