சூடானால் முனகும் செல்ஃப்

கேள்வி: என் 1954 செவ்ரோலெட் பெல் ஏர் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கடலூர் வரை ஓட்டி நிறுத்தினால் செல்ஃப் முனகுகிறது. பேட்டரி புதிது. 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவசரப்படாதீர்கள். செவ்ரோலெட் 12 வோல்ட்டுக்கு மாறியது 1955 மாடலில்தான். உங்களுடையது 6 வோல்ட். அதே வேலைக்கு இரு மடங்கு கரன்ட் இழுக்கும். இன்றைய கார் கேபிள் இதற்கு மெலிசு; சூட்டில் மின்தடையும் ஏறும். பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்ஜின் பிளாக்கிலும் வோல்ட் மீட்டரை வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு சேர்க்கும் இணைப்பு) கோளாறு. நம் ஊர் உப்புக்காற்றுக்கு இது சகஜம். எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுங்கள் (வெல்டிங் கேபிளே போதும்). பாசிட்டிவ் பக்கமும் அப்படியே. பிறகும் முனகினால் செல்ஃப் மோட்டாரின் புஷ்ஷைப் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) பாருங்கள். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) உரசும்.