வெறும் போசி

அன்புள்ள அம்மா,

சேலம் குகைப் பக்கத்தில் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவன் நான். வயது 26. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து மூன்று வருடமாக எங்கள் தெருக்களில் ஊழியம் செய்துவருகிறோம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், சனிக்கிழமை பெண்களுக்குத் தையல் வகுப்பு, மாதத்தின் முதல் ஞாயிறு நாற்பது குடும்பங்களுக்கு மளிகைப் பை. இதில் பாதிக் குடும்பங்களுக்கு மேல் எங்கள் சபைக்கு வருகிறவர்கள் இல்லை.

போன மாதம் தெருவில் ஒருவர், “அரிசியக் கொடுத்து ஆள் புடிக்கிறாங்க” என்று சத்தமாகப் பேசினார். டியூஷன் தொடங்கும்முன் ஒரு பாட்டும் சின்ன ஜெபமும் உண்டு. அதை நிறுத்திவிடலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. நாங்கள் யாரிடமும் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. பை வாங்க வரும் ஒரு பாட்டி மாதாமாதம் நாலு முருங்கைக்காய் கொண்டுவருவார். பயனாளிகளிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது எங்கள் விதி, அதனால் அதைக்கூட வாங்குவதில்லை. இவ்வளவு சுத்தமாகச் செய்தும் ஏன் இந்தப் பேச்சு? நாங்கள் செய்வது ஊழியமா, வியாபாரமா? நீங்களும் இந்த ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கேள்வியைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அதுவரைக்கும் போகவே இல்லை, முருங்கைக்காயிலேயே நின்றுவிட்டேன். மூன்று வாரமாக அந்தப் பாட்டியின் நாலு காய் என் கூடவே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் உங்கள் பை, இன்னொரு கையில் கொண்டுவந்த அதே காய். எப்படி நடந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பார்?

அதற்கு வருகிறேன். முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம்.

அரிசிப் பேச்சை உங்களுக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827-ல். அப்போதே இதைச் சொல்ல ஒருவர் தெருமுனையில் நின்றிருப்பார். 2002-ல் கட்டாய மதமாற்றத் தடை என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, 2004-ல் திரும்பப் பெற்றார்கள். பேச்சு அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. பேசினவரை விடுங்கள். அவர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜெபம் வேண்டுமா என்பதை உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள், என்னிடம் எதற்கு? எனக்குத் தோன்றுவது இதுதான்: பிள்ளையைச் சேர்க்கும் அன்றே தாயிடம் சொல்லிவிடுங்கள். ஜெபத்தைக் கணக்குப் பாடத்துக்கு முன்னால் வைக்காமல் கடைசியில் வையுங்கள். கதவு திறந்திருக்கட்டும். போக நினைக்கிற பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு போகட்டும், அடுத்த நாள் அதன் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

தையல் வகுப்பு நல்லது. லெக்லர் என்ற ஜெர்மானிய மிஷனரி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே தொழில் கற்றுத்தரும் பள்ளி நடத்தியிருக்கிறார், அவர் பெயரில் சர்ச் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரே தெருவில் முப்பது தையல்காரிகளை உண்டாக்கினால் யார் துணியை யார் தைப்பது? செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டிப் பக்கமெல்லாம் வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கொலுசு பற்றவைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் சபைப் பெண்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து ஒரு வாரமாவது எதையாவது கற்றுக்கொண்டது உண்டா? கற்றுக்கொடுக்க மட்டுமே பிறந்தவர்கள்போல் நடந்துகொள்வது ஒரு வியாதி. எங்கள் எழுத்தாளர்களுக்கும் உண்டு.

சரி, முருங்கைக்காய்.

“பயனாளிகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தாலுகா ஆபீஸ் ஃபாரத்தில் இருக்கவேண்டிய சொல். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற கிழவியை அப்படிக் கூப்பிட உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதுவும் மூன்று வருடம் பழகிய பிறகு!

கோபப்படாதீர்கள். கோபம் வரக் காரணம் இருக்கிறது.

என் அப்பா குகையில் தறி நெய்தவர். குழித்தறி, வெள்ளை வேட்டி. ஐப்பசி கார்த்திகை வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு யோசித்து யோசித்துத்தான் எரியும். பாவுநூலுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைக்க வெயில் வேண்டும். அடைமழையில் அது நடக்காது. தறிக்குழியில் ஈரம் ஊறிவிடும், காலை வைத்தால் சில்லென்று இருக்கும். நெய்தால்தான் கூலி.

அப்படி ஒரு மழைக்காலத்தில், எழுபதுகளில், ஒரு சங்கத்தார் நெசவாளர் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தார்கள். எந்தச் சங்கம் என்பது இப்போது வேண்டாம். எனக்கு ஒன்பது வயது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். சட்டைப்பையில் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, மை டப்பாவை முன்னால் தள்ளினார். அப்பா ஒரு நொடி நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது. கட்டைவிரலை மையில் வைத்து ரிஜிஸ்தரில் அழுத்திவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. மை வேட்டியில் பட்டுவிடும் என்று தறிப்பக்கமே போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கூலி போயிற்று. அரிசி நல்ல அரிசிதான். அவர்கள் கெட்டவர்களும் இல்லை.

அதே தெருவின் கடைசியில் ஒரு டீச்சரம்மா இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை, கையில் பைபிள். மழைக்காலத்தில் வாரம் இரண்டு தடவையாவது அவர் வீட்டுத் தூக்குப்போசி எங்கள் வீட்டுக்கு வரும். பருப்புக்குழம்பு, சில நாள் கறிக்குழம்பு. “இன்னைக்கு அளவு தெரியாம வெச்சிட்டேன்” என்பார். ஒரு டீச்சருக்கு வாரம் இரண்டு தடவை அளவு தப்புமா?

பிரச்சினை போசியைத் திருப்பித் தருவதில்தான். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளில் சட்டம். உங்கள் வீட்டிலும் இருக்கும், பாட்டியைக் கேளுங்கள். ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மா கொல்லையிலிருந்து கறிவேப்பிலை ஒடித்துப் போடுவாள், முருங்கைக்கீரை போடுவாள். டீச்சரம்மா போசியைத் திறந்து பார்த்து, “இந்த வாசம் கடைக் கறிவேப்பிலைல எங்க வருது” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு தடவை மழையில் செடியும் சாய்ந்துவிட்டது, வீட்டில் சர்க்கரையும் இல்லை. அம்மா போசியைக் கழுவி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் தறிப்பக்கம் கிடந்த கழிவுநூலை உருண்டையாகச் சுருட்டி உள்ளே போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சரம்மா திறந்து பார்த்தார். “அட, மிஷின் துடைக்க இதத்தான் தேடிட்டிருந்தேன்” என்று நூலை எடுத்துக்கொண்டுபோய்த் தையல் மிஷின் மேல் வைத்தார். உண்மையில் தேடினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்று. ஆடி மாதம் குகை மாரியம்மன் கோயிலில் வண்டி வேடிக்கை நடக்கும்போது தெருவே கோயிலாக இருக்கும். அம்மா கூழ் காய்ச்சுவாள். டீச்சரம்மா படைத்ததைச் சாப்பிடமாட்டார், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. காலையிலேயே வந்து, “படைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வெச்சிரு” என்பார். அம்மாவும் எடுத்து வைப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை விவாதித்து நான் கேட்டதில்லை. ஜெபத்தை நிறுத்தலாமா என்று நீங்கள் சண்டை போடுவதைப் படித்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

நான் கிறிஸ்தவள் இல்லை, உங்கள் வேதத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். இருந்தாலும் மாமியாரோடு பிழைக்க வந்த ஏழை விதவை ரூத்தின் கதையை இன்னொரு தடவை படியுங்கள். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது, அது ஏழைக்கும் வெளியூரானுக்கும் என்பது மோசேயின் சட்டம். ரூத் கதிர் பொறுக்கப் போன வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் அதற்கு மேலும் ஒன்று செய்கிறான். அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே சிலதைச் சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவைக்கிறான். அவனிடம் களஞ்சியமே இருந்தது. ஒரு மூட்டையைக் கட்டிக் கையில் கொடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவன் வேலைக்காரர்களை ஞாபகமறதிக்காரர்கள்போல் நடிக்கச் சொன்னான். ரூத் நாளெல்லாம் குனிந்து பொறுக்கி, தன் கையால் தட்டிப் புடைத்து, தன் தானியமாக மாமியாருக்கு எடுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் அறுவடை முடிந்த கடலைக்காட்டில் விட்டுப்போன காயைப் பொறுக்கியிருக்கிறேன். காட்டுக்காரர் பார்த்தும் பாராமல் போவார். அந்தக் கடலையைப்போல் ருசி காசு கொடுத்து வாங்கியதில் கிடைத்ததில்லை.

இதற்கு நேர் எதிரானதும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மோசமாக அடிவாங்கிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட வராது. அதை வாங்கிக்கொண்டு மண் சுமக்கவேண்டும். கணக்கில் ஒரு பிழையும் இருந்திருக்காது. உங்கள் நாற்பது பையும் டெம்பிள் கூலி என்று சொல்லவரவில்லை, அவ்வளவு கொடுமைக்காரி இல்லை நான். ஆனால் “சுத்தமாகச் செய்கிறோம்” என்று எழுதினீர்களே, அந்தச் சுத்தம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஒன்றும் திருப்பித் தர முடியாதபடிக் கொடுத்தால் அது சுத்தமா? வாங்கி வாங்கி அவர் தலை குனிந்துகொண்டே போகும். முருங்கைக்காயைத் தடுத்தது யார் கௌரவத்தைக் காப்பாற்ற? உங்களுடையதை. தெருவில் ஒருவன் பேசுவான் என்ற பயம். அதற்கு விலை பாட்டி தலையில்.

விதியை மாற்றுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மேசை போட்டுப் பை கொடுப்பதை விட்டுவிட்டு, இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபையார் அப்படித்தான் செய்வார்கள், 1833-ல் பாரிஸில் தொடங்கின நாளிலிருந்து வீடு தேடிப் போவதுதான் அவர்கள் வேலை. அவர்கள் கூட்டத்தில் ஒரு ரகசியப் பையும் சுற்றிவரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் பிடியரிசி வையுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவது உங்கள் சபைகளிலும் உண்டு, காஞ்சிப் பெரியவர் சொன்னதும் அதேதான். ஒரே நிபந்தனை: உங்களிடம் பை வாங்கும் வீட்டிலும் ஒரு கலயம் இருக்கவேண்டும். ஒரு பிடி போதும். அவர்கள் அரிசியும் சேர்ந்துதான் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும்.

பிளாஸ்டிக் பையையும் நிறுத்துங்கள். அதை யாரும் திருப்பித் தருவதில்லை.

ஊழியமா, வியாபாரமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? இப்போதுதான் மறுபடி பார்த்தேன். கைமாற்று என்று ஒன்று இருக்கிறது, அது இரண்டிலும் சேராது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஞாயிறு பாட்டி வந்தால் காயை வாங்கிக்கொள்ளுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்து, முற்றல் என்றால் முற்றல் என்றே சொல்லுங்கள், அவர் சண்டைக்கு வரட்டும். சாம்பார் வைத்து, ஒரு போசியில் ஊற்றிச் சாயங்காலம் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். போசியைக் கையோடு கேட்டு வாங்கிவிடாதீர்கள், அவரே கொண்டுவருவார். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.